முதிர்ந்த வயதின் வேலை

"இன்னும் எதற்காகச் சர்வேசுரன் என்னை இங்கே விட்டு வைத்திருக்கிறார்?"

வயது முதிர்ந்தவர்கள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கூடப்பிறந்தவரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒருவர் இப்படிக் கேட்கிறார். மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் புறப்பட்டுப் போனபின், காலியான வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு தாய் கேட்கிறாள். கேட்பவர் சாவை விரும்பிக் கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம். அநேகமாய் அவர் ஒரு பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார். நாமோ, "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறோம். அன்பினால்தான் அடைக்கிறோம். என்றாலும் கேள்வி அடைபட்டுப் போகிறதே ஒழிய, விடை பெறுவதில்லை.

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை நான் நடத்திய ஜீவியத்துக்கு அர்த்தம் என்ன என்பது ஒன்று. இனி நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்வி பின்னே பார்க்கிறது. இரண்டாவது முன்னே பார்க்கிறது. ஆகையால் இவற்றைத் தனித்தனியே வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் பின்னே சரியாகப் பார்க்கக் கற்றவனுக்கே முன்னே செய்ய வேண்டிய வேலை தெரியவரும் என்பது நம் எண்ணம். அதைத்தான் இங்கே சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முற்காலத்தில் இக்கேள்வி இத்தனை வீடுகளில் எழுந்ததில்லை. 1941 முதல் 1951 வரையுள்ள பத்தாண்டுகளுக்குக் கணக்கிட்டபடி, இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டுகளே. பச்சிளங் குழந்தைகள் ஏராளமாய் மடிந்தது அதற்குப் பெருங் காரணம். அறுபதைக் கடந்தவர்கள் அன்றும் இருந்தார்கள், ஆனால் கொஞ்சப் பேரே. இன்று சராசரி ஆயுள் ஏறத்தாழ 70 ஆண்டுகள். 2011-ம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி, நம் தேசத்தில் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் 10 கோடிக்கு அதிகம். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். தமிழக அரசாங்க உத்தியோகஸ்தர் ஓய்வு பெறும் வயது 2021-ல் 60 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயதை எட்டியவருக்குச் சராசரியாக இன்னும் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் மீதி இருக்கின்றன. ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பள்ளிப் படிப்பை முடிக்கும் அளவுக்குக் காலம் அது. இவ்வளவு நீண்ட காலத்தை வெறுங் காத்திருப்பாகக் கழிக்க எவராலும் முடியாது.

இதற்குச் சாதாரணமாய்ச் சொல்லப்படும் பதில், "ஏதாவது வேலை செய்துகொண்டிருங்கள்" என்பதே. பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடலாம்; ரேஷன் கடைக்குப் போகலாம்; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம்; பங்குச் சபைகளில் சேர்ந்து உழைக்கலாம். எல்லாம் நல்ல யோசனைகளே. கைகால் உள்ளவரை சும்மா இருப்பது உடம்புக்கும் மனதுக்கும் கேடு. ஆனால் பிரயோஜனம் வேறு, நோக்கம் வேறு. முப்பத்தைந்து வருடம் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், பள்ளி மணி அவருக்காக அடிப்பதில்லை. அவர் இழந்தது ஒரு பிரயோஜனத்தை. அதோடு நோக்கமும் போய்விட்டதாக அவர் நினைத்துக்கொண்டால், பேரனை அழைத்துப்போகும் வேலை எத்தனை நாளைக்குத் தாங்கும்? பேரன் வளர்ந்து தானே சைக்கிளில் போகிறான். முழங்கால் நோவு வந்து மாடிப்படி ஏற முடியாமல் போகிறது. முழங்காலோடு போய்விடும் நோக்கம் முதிர்ந்த வயதுக்குப் போதாது. இன்னும் ஆழமாய் வேரூன்றிய ஒன்று வேண்டும்.

அந்த வேர் எங்கே இருக்கிறது? வயதானவர்கள் இயல்பாகவே செய்கிற ஒரு காரியத்தில்தான் இருக்கிறது. அவர்கள் பழையதை நினைக்கிறார்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இளையோருக்கு இது சலிப்பாயிருக்கும். வைத்தியர்களில் பலர்கூட இதை மூளைத் தளர்ச்சியின் அடையாளம் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் ஒரு கட்டுரை எழுதி, இந்த எண்ணத்தை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணரும் மனிதன் தன் ஜீவியத்தைத் திரும்பிப் பார்ப்பது இயற்கை. தீராத பழைய மனஸ்தாபங்கள் மேலே கிளம்பி வருவது அவற்றைத் தீர்ப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் என்று அவர் காட்டினார். ஆனால் அந்தப் பார்வை எல்லாருக்கும் சமாதானத்தையே தரும் என்று அவர் சொல்லவில்லை. சிலரை அது அமைதிக்கும், சிலரைக் கடும் மனச்சோர்வுக்கும் கொண்டுபோகும் என்பதையும் கண்டார். அவருக்கு முன்பே, 1950-ல் வெளியான நூல் ஒன்றில், எரிக் எரிக்சன் என்ற அறிஞரும் இதையொட்டிய கருத்தைக் கூறியிருந்தார். மனித வளர்ச்சியின் கடைசிப் படியில், தன் ஜீவியத்தைத் தன்னுடையதென்று மனமார ஏற்றுக்கொள்வது ஒரு பக்கம், நம்பிக்கையிழப்பது மறுபக்கம் என்பது அவர் கருத்து.

ஆக, திரும்பிப் பார்ப்பது நோயுமல்ல, தானாகவே மருந்துமல்ல. எப்படிப் பார்க்கிறோம் என்பதே காரியம்.

தவறாகப் பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. "அந்தக் காலம்போல வருமா?" என்பது ஒரு வழி. அன்று மழை பொய்க்கவில்லை. பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. மனிதர் எல்லாரும் நேர்மையாயிருந்தார்கள். இப்படிப் பேசுகிறவர் தம் ஜீவியத்தைப் பார்க்கவில்லை. அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கிறார். "எல்லாம் வீணாய்ப் போயிற்று" என்பது மற்றொரு வழி. வேறு படிப்பைப் படித்திருக்கலாம், வேறு ஊருக்குப் போயிருக்கலாம், அந்த நிலத்தை விற்றிருக்கக் கூடாது, பிள்ளையை அப்படி வளர்த்திருக்கக் கூடாது என்று இரவெல்லாம் வழக்கு விசாரித்து, தம்மைத் தாமே தண்டிக்கிறார் இன்னொருவர். ஒருவர் மெச்சுகிறார், மற்றவர் வைகிறார். ஆனால் இருவரும் செய்யும் பிழை ஒன்றே. நடந்ததெல்லாம் முடிந்துபோனது, இனி அதில் தொட ஒன்றுமில்லை என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள்.

இது சரியல்ல. நடந்தது மாறாது, ஆனால் நடந்ததன் அர்த்தம் இன்னும் முடிவாகவில்லை.

இதை விளங்கிக்கொள்ள நம் பாஷையே உதவும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "அவர் தம் தம்பியோடு முப்பது வருடம் பேசாமல் இருந்து..." என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், நாம் காத்திருக்கிறோம். "கடைசியில் போய்க் கட்டித் தழுவினார்" என்றும் அந்த வாக்கியம் முடியலாம். "அப்படியே கண்ணை மூடினார்" என்றும் முடியலாம். முப்பது வருடம் இரண்டிலும் முப்பது வருடந்தான். ஒரு நாள்கூடக் குறையவில்லை. ஆனால் முதல் வாக்கியம் ஒரு சமாதானத்தின் கதை. இரண்டாவது ஒரு பகையின் கதை. எது என்று தீர்மானிக்கும் சொல் இன்னும் அந்த முதியவர் கையில் இருக்கிறது. நாற்பது வயதில் இல்லாத அதிகாரம் இது. வாக்கியத்தின் முடிவுக்கு அருகில் வந்தவருக்கே இது கிடைக்கிறது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இறந்த குழந்தை திரும்பி வராது. இழந்த முப்பது வருடத்தில் தம்பியின் பிள்ளைகள் பெரியப்பாவை அறியாமலே வளர்ந்துவிட்டார்கள். அதற்கு ஈடு இல்லை. முடிவு நன்றாயிருந்தால் நடுவில் பட்ட நோவு நோவே அல்ல என்று சொல்வது பொய். ஆனாலும் நொந்ததற்குக் கடைசிச் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பது மெய்.

எப்படித் திரும்பிப் பார்ப்பது என்பதற்கு அர்ச். அகுஸ்தீனார் நல்ல மாதிரி. அவர் 354-ல் பிறந்தவர். 426-ம் ஆண்டில், எழுபத்திரண்டாம் வயதில், தமக்குப்பின் மேற்றிராணியாராக வரவேண்டியவரை மக்கள் முன்னிலையில் குறிப்பிட்டு, அன்றாட அலுவல்களின் சுமையை அவர் தோளில் வைத்தார். பிறகு தாம் எழுதிய நூல்களையெல்லாம் எழுதின வரிசையில் ஒவ்வொன்றாய் எடுத்துப் படித்து, தொண்ணூற்று மூன்று நூல்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். தப்பாய்ச் சொன்னதைத் தப்பென்று ஒப்புக்கொண்டார். மற்றவர் தப்பாய்ப் புரிந்துகொண்டதை விளக்கினார். சரியாய்ச் சொன்னதைச் சரியென்றும் நிலைநாட்டினார். பழைய ஏடுகளைக் கொளுத்தவுமில்லை, பொன்னெழுத்தில் பொறிக்கவுமில்லை. நான்கு வருடங்களுக்குப்பின் வந்தாலர் படை அவருடைய பட்டணத்தைச் சூழ்ந்திருந்த நாட்களில், மனஸ்தாப சங்கீதங்களை எழுதிச் சுவரில் வைக்கச் செய்து, படுக்கையிலிருந்தபடி வாசித்து அழுது, 430-ல் மரித்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதிய பொசீதியுஸ் மேற்றிராணியார் கூறுகிறார். உண்மையோடு பார்க்கிறவனுக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கும், அழவும் வேண்டியிருக்கும், "இது நன்றாயிருந்தது" என்று சொல்லவும் வேண்டியிருக்கும். மூன்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

இப்படிப் பார்க்கும்போது, முடியாமல் நிற்கும் வாக்கியங்கள் ஒவ்வொன்றாய்த் தென்படும். அவற்றை முடிப்பதே முதிர்ந்த வயதின் வேலை. அவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, சொல்லாமல் விட்ட நன்றி. உ. வே. சாமிநாதையரைத் தமிழ்த் தாத்தா என்று எல்லாரும் அறிவோம். அவர் 1855-ல் பிறந்தவர். அவருக்குத் தமிழ் கற்பித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-லேயே காலமானார். மாணவர் அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பழைய ஏடுகளைத் தேடி அச்சிடுவதில் உழைத்தார். அவர் பெயர் ஆசிரியர் பெயரைக் காட்டிலும் பெரிதாயிற்று. ஆயினும் 1933-லும் 1934-லும், எண்பது வயதை நெருங்கிக் கொண்டிருந்தபோது, ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன. எழுதாமல் விட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பின்பு 1940-ல் ஆனந்த விகடனில் தம் சொந்தச் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். அதிலும் அந்த ஆசிரியர் பக்கம் பக்கமாய் வருகிறார். அது முற்றுப்பெறுமுன்பே, 1942-ல், அவர் காலஞ்சென்றார். நம்மவரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளைக்கும் அந்த மகாவித்துவானுக்கும் இருந்த நெருங்கிய நட்பும், அவர்மீது மகாவித்துவான் குளத்தூர்க் கோவை பாடியதும் அந்தச் சரித்திரத்தில் இடம்பெற்றிருக்கின்றன. ஒரு முதியவர் தம் நன்றியைச் சொல்லி முடித்ததால், பிறருடைய நட்பும் நமக்குக் கிடைத்தது.

நாம் வித்துவான்கள் அல்ல. ஆனால் நம் எல்லாருக்கும் கடன் உண்டு. எத்தனையோ குடும்பங்களில் மூத்த பெண் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பிமாரைத் தூக்கி வளர்த்தாள். தம்பிமார் உத்தியோகஸ்தர் ஆனார்கள். அக்காள் எங்கோ ஒரு கிராமத்தில் வயதாகி உட்கார்ந்திருக்கிறாள். பண்டிகைக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்ததோடு காரியம் முடிந்ததா? "அக்கா, நீ படிப்பை விட்டதால்தான் நான் படித்தேன்" என்று அவள் முன் உட்கார்ந்து சொன்னவர் எத்தனை பேர்? அவள் இறந்திருந்தால், அவள் பிள்ளைகளிடமாவது சொல்லலாம். தங்கள் தாய் யார் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, கேளாமல் விட்ட மன்னிப்பும், கொடாமல் வைத்திருக்கும் மன்னிப்பும். நம் வழக்கத்தில் சிறியோர் பெரியோரிடம் மன்னிப்புக் கேட்பார்கள். பெரியோர் சிறியோரிடம் கேட்பது குறைச்சல் என்று எண்ணப்படுகிறது. ஆகையால் தகப்பன் கையால் வாங்கிய அடி ஐம்பது வயது மகன் நெஞ்சில் இன்னும் காயமாய் இருக்கிறது. ஒரு பிள்ளையை உயர்த்தி மறு பிள்ளையைத் தாழ்த்திய தாயிடம் மகள் கடமைக்காக வந்து போகிறாள். நாற்பது வருடம் கூட உழைத்த மனைவியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத கணவர் உண்டு. "உன் நன்மைக்காகத்தான் செய்தேன்" என்பது மன்னிப்புக் கேட்பது ஆகாது. அது வழக்கில் தன் கட்சியைப் பேசுவது. "நான் செய்தது தப்பு, உனக்கு நொந்திருக்கும்" என்று சொன்னால் போதும். இதற்கு ஓடியாட முழங்கால் பலம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாலிபனுக்கும் எளிதில் வராத பலம் வேண்டும்.

பாவசங்கீர்த்தனத்தில் சர்வேசுரன் மன்னித்துவிட்டார், இனி மனிதரிடம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிறனுடைய பொருளை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நாம் சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்ததே. நகர்த்தி நட்ட எல்லைக்கல்லும், திருப்பாத கைமாற்றும், கெடுத்த பெயரும் அதில் சேரும். வாரிசுகளுக்குச் சொத்தை எழுதி வைக்கிறவர், பிறருக்குச் சேரவேண்டியதை முதலில் எழுதி வைக்கட்டும்.

மன்னிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. வயதானவர் மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, அவருக்கு நடக்கும் அநியாயத்தை மூடி மறைப்பவர்கள் உண்டு. அது கூடாது. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பெற்றோரைப் பின்கட்டில் தள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதற்கென்றே நம் தேசத்தில் 2007-ல் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகள் தங்களைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்தவர், அது நிறைவேறாவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத எளியவரும் தாமே மனுச் செய்யலாம். இப்படிக் கேட்பது பிள்ளைமேல் பகை பாராட்டுவது ஆகாது. சோறும் கூரையும் கேட்டுப் பெறுவது நியாயம். மனதிலுள்ள விஷத்தை இறக்கி வைப்பது மன்னிப்பு. ஒருவரே இரண்டையும் செய்யலாம்.

மூன்றாவது, கொடுத்துவிட்டு ஒதுங்குவது. பழைய ஏற்பாட்டில் பர்சில்லாய் என்ற ஒரு கிழவரைப் பற்றிப் படிக்கிறோம். தாவீது அரசர் தம் சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து யோர்தானுக்கு அப்பால் ஓடி வந்தபோது, எண்பது வயதான இந்தச் செல்வர் அரசருக்கும் அவருடைய ஆட்களுக்கும் படுக்கையும் தானியமும் தேனும் வெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். கலகம் அடங்கி அரசர் எருசலேமுக்குத் திரும்பும்போது, கூட வந்து அரண்மனையில் இருக்கும்படி பர்சில்லாயை அழைத்தார். பர்சில்லாய் இணங்கவில்லை. தமக்கு ருசியும் தெரிவதில்லை, பாடகரின் குரலும் சரியாய்க் கேட்பதில்லை, அரசருக்குப் பாரமாக ஏன் வரவேண்டும் என்று கூறி, கிம்காம் என்ற இளைஞனைக் கூட்டிக்கொண்டு போகும்படி வேண்டினார். தாம் பிறந்த ஊரில் தாய் தகப்பன் கல்லறை அருகே சாக விடைகேட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் தம்மை இகழ்ந்துகொள்ளவில்லை. எண்பது வயதில் ஓர் அரசரையே ஆதரித்தவர் அவர். செய்ய முடிந்ததைச் செய்தார். முடியாததை வெட்கமில்லாமல் சொன்னார். தமக்கு வந்த இடத்தை ஓர் இளையவனுக்குக் கொடுத்தார். நம்மில் பலர் சாவிக் கொத்தைக் கொடுத்துவிட்டு, பெட்டியை மருமகள் எப்படித் திறக்கிறாள் என்று நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொடுப்பது என்றால், வாங்கியவர் தம் இஷ்டப்படி நடத்தவும் விடுவது. சாவியோடு கொடுக்க வேண்டியவை வேறும் உண்டு. குடும்பத்தின் கதை, எந்த வருடம் எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் நமக்கு அடைக்கலம் கொடுத்தார், எந்தத் தொழில் நுட்பம் கைப்பழக்கமாய் மட்டும் நிற்கிறது, எந்தக் காரியத்தில் தோற்றோம். தோல்வியையும் சேர்த்துச் சொன்னால்தான் பேரப்பிள்ளைகளுக்கு அது உதவும்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. வாக்கியம் முடியுமுன்பே முற்றுப்புள்ளி வைத்துவிடக் கூடாது. 23-ம் அருளப்பர் பாப்பரசர் 1881-ல் ஓர் எளிய குத்தகைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். 1925 முதல் ஏறக்குறைய இருபது வருடங்கள் பல்கேரியா, துருக்கி, கிரீஸ் ஆகிய தேசங்களில், கத்தோலிக்கர் கொஞ்சமாயிருந்த இடங்களில் உத்தியோகம் பார்த்தார். இளம் குருவாயிருந்தபோது அர்ச். கார்லோஸ் பொரோமேயோ திரிதெந்தீன் சங்கத்தின் தீர்மானங்களை ஊர் ஊராய் நிறைவேற்றிய விசாரணை ஏடுகளைக் கண்டெடுத்து, பல வருடம் சிரமப்பட்டுப் பதிப்பித்தார். எல்லாம் ஒன்றோடொன்று சேராத துண்டுகள் போலவே தோன்றும். 1958 அக்டோபரில், எழுபத்தேழு வயது நிறையும் தறுவாயில், பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டார். கொஞ்ச காலத்துக்கு இடத்தை நிரப்ப வந்தவர் என்றே பலர் நினைத்தார்கள். மூன்று மாதத்துக்குள், 1959 ஜனவரி 25-ல், பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். பிற சபையாரோடு பழகிய வருடங்களும், பழைய சங்கத்தின் ஏடுகளும் அப்போது வீணாய்த் தோன்றவில்லை. 1963-ல், சங்கம் முடியுமுன்னமே மரித்தார். நமக்கு அப்படிப்பட்ட பதவி வராது. ஆனால் நம் ஜீவியத்தில் வீண் என்று ஒதுக்கிய வருடங்கள் எதற்குப் பயன்படும் என்பதை நாமும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம்.

இனி கஷ்டமான கேள்விக்கு வருவோம். பக்கவாதத்தில் விழுந்து பேச்சற்றுப் போனவர் என்ன செய்வார்? ஞாபகம் மங்கி, பெற்ற மகளையே "நீ யார் அம்மா?" என்று கேட்பவர் எந்த வாக்கியத்தை முடிப்பார்? அவர்களுக்கு நன்றி சொல்லவும் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் முடியாது. நோக்கம் என்பது மனிதன் செய்து சம்பாதிக்கும் கூலியானால், அவர்களுடைய ஜீவியம் நோக்கமற்றது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அதை நம் விசுவாசமும் ஒப்பாது. நெஞ்சிலே ஈரமுள்ள எவனும் ஒப்பமாட்டான். பிறந்த குழந்தை எந்த வேலையும் செய்யவில்லை. ஆயினும், "இது எதற்கு?" என்று தொட்டிலருகே நின்று எவரும் கேட்பதில்லை. வேலை செய்யும் சக்தி வருமுன்பே மனிதனுக்கு மதிப்பு இருந்தது. அது போனபின்பும் இருக்கிறது.

அப்படிப்பட்டவரின் வாக்கியத்தை முடிக்கும் பொறுப்பு அவரைச் சூழ்ந்திருப்பவர்களுக்கு வருகிறது. அவர் மறந்துபோன கதையை மகள் அவருக்குச் சொல்கிறாள். அவர் கேட்க முடியாத மன்னிப்பை மகன் கேளாமலே கொடுத்துவிடலாம். ஆனால் இதை எழுதுவது எளிது, செய்வது கடினம் என்பதை மறைக்கக் கூடாது. படுக்கையிலுள்ளவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றும் வேலை பெரும்பாலான வீடுகளில் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் மகளாயிருப்பாள், அல்லது மருமகளாயிருப்பாள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வந்து, அவளுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். புகழ்ச்சி வேண்டாம், ஒரு இரவு அவள் நிம்மதியாய்த் தூங்கும்படி கட்டிலருகே உட்காருங்கள். கிழவர் பாரமாயிருக்கிறார் என்று வீட்டில் பேச்சு வருமானால், அநேகமாய்ப் பாரம் பங்கிடப்படவில்லை என்பதே அதன் பொருள்.

வாலிபருக்கும் நடுவயதினருக்கும் ஒரு வேண்டுகோள். முதியவர் பின்னே பார்த்து வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். சுவரிடம் யாரும் கதை சொல்ல முடியாது. பிரான்சிஸ் பாப்பரசர் 2021-ல், தாத்தா பாட்டிமாருக்கும் முதியோருக்கும் என்று ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறைக் குறித்து வைத்தார். தேவமாதாவின் பெற்றோரான அர்ச். சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டி அது வருகிறது. அந்த ஒரு நாளில் பொன்னாடை போர்த்திவிட்டு மற்ற நாட்களில் அறைக் கதவைச் சாத்தி வைத்தால் என்ன பலன்? "தாத்தா, உங்களுக்கு முதல் சம்பளம் எவ்வளவு? அதை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "அப்பாயி, உங்கள் தாயார் எப்படி இருப்பார்கள்?" என்று கேளுங்கள். கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். ஒரே கதை பத்தாம் தடவை வந்தால், அதில் ஏதோ முடியாமல் நிற்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். "அதற்கப்புறம் அவரைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், முடிய வேண்டியது ஒருவேளை முடியும். பஸ் ஏற்றி, அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டிவந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

முதியோரே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சமே. லூக்காஸ் சுவிசேஷத்தில், குழந்தை சேசுவைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்த நாளில், சிமெயோன் என்ற நீதிமானும், எண்பத்து நான்கு வயதான அன்னம்மாள் என்ற விதவையும் அங்கே இருந்தார்கள். அவர்கள் அந்தக் குழந்தையை வளர்க்கவில்லை. அது வளர்ந்து பெரியதாவதைப் பார்த்ததாகவும் சொல்லப்படவில்லை. சிமெயோன் அதைக் கையில் ஏந்தி, ஸ்தோத்திரம் செய்து, பெற்றோரை ஆசீர்வதித்தார். அன்னம்மாள் அதைப் பற்றிப் பிறருக்குச் சொன்னாள். இளம் தாய் கையிலிருந்த பிள்ளை இன்னார் என்று கண்டுகொள்ள, அவ்வளவு காலம் காத்திருந்த கண்கள் வேண்டியிருந்தன. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையிடம் எல்லாரும் குறையையே பார்க்கும்போது, அதற்குள் இருக்கும் நன்மையை நீங்கள் காணலாம். கண்டதை அவனிடம் சொல்லுங்கள்.

இன்று இரவு ஆத்தும சோதனை செய்யும்போது, பாவங்களை மட்டும் எண்ணாமல் பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். நன்றி சொல்ல வேண்டிய பெயர் ஒன்று, சமாதானமாக வேண்டிய பெயர் ஒன்று, ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டிய பெயர் ஒன்று அகப்படும். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். நடக்க முடியுமானால் நடந்து போங்கள். முடியாவிட்டால் கடிதம் எழுதுங்கள். கை நடுங்கினால் பேத்தியை எழுதச் சொல்லுங்கள். எதற்காக ஆண்டவர் இன்னும் விட்டு வைத்திருக்கிறார் என்று கேட்டீர்களே, இந்த வாரத்துக்கு அந்த முதல் பெயர் போதும்.